22 மாசப் பையனுக்கு ஹாலோவீன்: எத்தனை வீடு, என்ன உடுப்பு, எந்த மிட்டாய்?

எடிசன்வாசி

பையனுக்கு 22 மாசம். போன வருஷம் கைக்குழந்தை, அதனால் விவரம் தெரிந்து வரும் முதல் ஹாலோவீன் (அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள்) இதுதான். நடக்கிறான், ஓடுகிறான், பத்துப் பதினைந்து வார்த்தை பேசுகிறான்.

நிலவரம்: மதியத் தூக்கம் 12:30 முதல் 2:30. இரவு 7:45க்குப் படுக்கை. டயப்பர் உண்டு. நிலக்கடலை பழகிவிட்டது, முந்திரியும் பாதாமும் இன்னும் கொடுத்ததில்லை. வீட்டில் எல்லோரும் சைவம். டேகேரில் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஊர்வலம்; முகமூடி கூடாது, வாள் துப்பாக்கி கூடாது, கொட்டை சேர்ந்த தின்பண்டம் கூடாது என்று தாள் வந்திருக்கிறது. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார்.

31 அன்று எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை வீடு போகலாம்? உடுப்பைக் கடையில் வாங்குவதா, வீட்டில் தைப்பதா? வாங்கி வரும் மிட்டாயில் இவனுக்கு எதைக் கொடுக்கலாம்? "குழந்தைதானே, ஜாலியா இருங்க" மாதிரி பதில் நிறைய வந்துவிட்டது. கணக்கோடு யாராவது சொன்னால் நல்லது.

ஓக்ட்ரீ ரோடு

நேரத்தை முதலில் பிடியுங்கள். 31 அன்று நம் நியூஜெர்சிப் பக்கம் சூரியன் விழுவது 5:55 வாக்கில். முழு இருட்டுக்கு இன்னும் அரை மணி. பெரிய பிள்ளைகள் கூட்டமாக இறங்குவது 6:15க்கு மேல்தான். உங்களுக்கு வேண்டியது 5:10லிருந்து 5:50 வரைக்கும் உள்ள நாற்பது நிமிஷம். வெளிச்சம் இருக்கும், தெருவில் நெருக்கடி இருக்காது, கதவைத் திறப்பவருக்கும் முதல் விருந்தாளி என்பதால் பொறுமை இருக்கும். மதியத் தூக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 4:30க்கே இட்லியோ தயிர்சாதமோ கொடுத்து முடித்துவிடுங்கள். பசியோடு போகிற பிள்ளை முதல் வீட்டு மிட்டாயையே பிரிக்கச் சொல்லி வாசலில் உட்கார்ந்துவிடும்.

ஊர் நிர்வாகம் நேரம் குறித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ, விஸ்கான்சின் பக்கம் பல ஊர்களில் "இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை" என்று அறிவிப்பார்கள், சில இடங்களில் நாளே மாறும். அயோவாவின் டெமாய்ன் நகரத்தில் பல வருஷமாக 30ஆம் தேதிதான் வழக்கமாக இருந்தது. அங்கே மிட்டாய் வாங்கப் பிள்ளைகள் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். 22 மாசத்தில் அதற்குத் தப்பித்தீர்கள்.

வீடு ஆறு முதல் எட்டு. படி ஏறி, பெல் அடித்து, நின்று, வாங்கி, "வர மாட்டேன்" என்று அடம்பிடித்து இறங்க ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். எட்டு வீட்டில் அரை மணி கரைந்துவிடும். வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்கு மட்டும் போங்கள். அணைந்திருந்தால் வர வேண்டாம் என்று அர்த்தம். தெருவின் ஒரே பக்கமாகப் போய் அதே பக்கமாகத் திரும்புங்கள், எதிர்ச்சாரி வேண்டவே வேண்டாம். ஹாலோவீன் என்றதும் எல்லோரும் மிட்டாய்க்குத்தான் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது காருக்கு. 1975 முதல் 2016 வரை 42 வருஷத்து அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்து கனடா ஆய்வாளர்கள் பார்த்ததில், அந்த ஒரு மாலையில் நடந்து போகிறவர் கார் மோதிச் சாவது பக்கத்து வாரங்களின் அதே கிழமை மாலையைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. ஸ்ட்ரோலரின் முன்னாலும் பின்னாலும் சைக்கிள் விளக்கு ஒன்று மாட்டுங்கள். பையன் முதுகில் இரண்டு அங்குலம் அகல ஒளிநாடா (கார் வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா) ஒரு பட்டை ஒட்டினால் போதும்.

இரண்டு நாள் முன்னால் போகப்போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் மட்டும் போனால் ஏமாந்துவிடுவீர்கள். புல்வெளியில் சுருண்டு கிடக்கும் நைலான் துணி, மாலை விசிறி ஓடியதும் எட்டடி பூதமாக நிற்கும். ஹோம் டிப்போ 2020ல் கொண்டுவந்த அந்த 12 அடி எலும்புக்கூடு ஒரு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அது அசையாது, பிள்ளைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆபத்து, ஆள் பக்கத்தில் வந்ததும் சென்சார் உணர்ந்து கத்துகிற பொம்மைதான். எந்த வாசலில் அது இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அந்த வீட்டைத் தவிர்த்துவிடுங்கள். இந்த வயதில் முகமூடிக்கு உள்ளே இருப்பது பக்கத்து வீட்டு அண்ணன் என்று சொன்னாலும் மனசு ஏற்காது. முகம் மாறினால் ஆளே மாறிவிட்டதாகத்தான் படும். அழுதால் தைரியம் சொல்லிக்கொண்டு நிற்காமல் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

வாசல் ஒத்திகை: ஒரு வாரம், நாளுக்கு இரண்டு தடவை. மாமியார் படுக்கையறைக்குள், நீங்களும் பையனும் வெளியே. தட்டு, கதவு திறக்கும், அவர் ஒரு பொருளை நீட்டுவார், வாளிக்குள் போடு, டாட்டா காட்டு, திரும்பி நட. கடைசி இரண்டுக்குத்தான் பயிற்சி தேவை. இதுவரை அவன் அறிந்த வரையில் ஒரு கதவு திறந்தால் உள்ளே போக வேண்டும். முன்பின் தெரியாத வீட்டின் ஹாலுக்குள் நேராக நடந்து போய் அவர்கள் நாயோடு உட்கார்ந்துகொள்வான். இன்னொன்று, தன் வாளியில் இருப்பதை எடுத்து அவர்கள் கிண்ணத்தில் போடுவான். அது பரவாயில்லை, எல்லோரும் ரசிப்பார்கள். வாசலில் சொல்ல வேண்டிய "ட்ரிக் ஆர் ட்ரீட்" முழுசாக வராது, "ட்ரீ" என்றால் போதும்.

வாளி சின்னதாக இருக்கட்டும். கடையில் விற்கும் ஆரஞ்சு பிளாஸ்டிக் பூசணி வாளி இவன் கையில் தரையைத் தொடும், படியில் காலில் இடறும். மண்ணில் விளையாட வைத்திருக்கும் கைப்பிடி வாளியைக் கழுவிக் கொடுங்கள்.

ஸ்காபரோ ஊசிநூல்

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். உடுப்பு விசயம் மட்டும் சொல்லுறன், மற்றது மேல சொன்னவர் வடிவாச் சொல்லிப்போட்டார்.

இந்த வயசுக்கு உடம்போடு ஒட்டின ஒற்றை உடுப்பு வாங்காதேங்கோ. கடையில பார்க்க வடிவாத்தான் இருக்கும். முதுகில வெல்க்ரோ, கால் பாதம் வரைக்கும் மூடி. டயப்பர் மாத்த வேணும் எண்டால் குளிருக்குள்ள பிள்ளையை முழுக்க உரிக்க வேணும். பாதத்தை மூடுற துணி சப்பாத்துக்கு மேல வந்து படியில வழுக்கும். மேல் ஒண்டு, கீழ் ஒண்டு எண்டு ரெண்டாப் பிரியிற உடுப்புத்தான் சரி. உள்ளுக்கு முழுக்கை பருத்தி, அதுக்கு மேல உடுப்பு. கோட்டை உடுப்புக்கு மேல போட்டால் என்ன வேசம் எண்டே தெரியாது, அதனால ஒரு அளவு பெரிசா எடுத்து உள்ளுக்குத் தடிப்பாப் போடுங்கோ. 2T அளவு போடுற பிள்ளைக்கு 3T.

ஹூடியில செய்யிற சிங்கம் சுகம். ஒரு பின்னேரம் காணும்.

வேண்டியது: முன்னுக்கு ஸிப் வைச்ச மஞ்சள் ஹூடி ஒண்டு, 9க்கு 12 அங்குல ஃபெல்ட் (நெய்யாமல் அமுக்கின தடிப்புத் துணி) ஷீட் பிரவுன் ரெண்டு, ஓரஞ்ச் ஒண்டு, ஒரு அங்குல அகல ரிப்பன் ஒரு யார். ஹூடியின்ர தலைப்பக்கத்தில கயிறு இருந்தால் முதல் வேலையா உருவி எறியுங்கோ. அது கதவிலயோ கைபிடியிலயோ மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

ஃபெல்ட்டை ஒரு அங்குல அகலம், அஞ்சு அங்குல நீளமா வெட்டுங்கோ. ஒரு ஷீட்டில 18 துண்டு வரும், மூண்டு ஷீட்டுக்கு 54. ஒவ்வொண்டையும் ரெண்டா மடிச்சு வளையமாக்கி, நுனி ரெண்டையும் சேர்த்து ரிப்பனில தையுங்கோ, அரை அங்குலத்துக்கு ஒண்டு. ஹூட் விளிம்பு ஏறக்குறைய 20 அங்குலம், அதுக்கு 40 வளையம் போகும். மிச்சம் 14ஐ உச்சியில ரெண்டாவது வரிசையா வையுங்கோ, பிடரி மயிர் நிமிர்ந்து நிக்கும். பிறகு ரிப்பனை ஹூட்டில நீட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கோ. நேரா ஹூட்டில தைக்காமல் ரிப்பனில தைக்கிறதுக்குக் காரணம், நவம்பர் முதலாம் தேதி ஒரு இழுவையில பிரிச்சால் ஹூடி பழையபடி ஹூடி. காதுக்கு மூண்டு அங்குல அரைவட்டம், ரெட்டை மடிப்பு. வால் எட்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல போனால் மற்றப் பிள்ளையள் மிதிப்பினம். வாலை ஹூடியின்ர பின் விளிம்பில தையுங்கோ, காற்சட்டையில இல்லை. டயப்பர் மாத்தேக்க குறுக்க வராது.

குளூ கன் பாவிக்கிற ஆக்கள் இருக்கினம். ஃப்ளீஸ் துணியில பசை மேல் மயிரில மட்டும்தான் பிடிக்கும், அடித்துணிக்குப் போகாது. குளிரில விறைச்சு, பிள்ளை ஒரு இழுவை இழுத்தால் துண்டு கையில வரும், அடுத்தது வாயுக்குள்ள. தையல்தான் நம்பிக்கை.

எங்கட ஆக்கள் சிலர் பட்டுப்பாவாடையை ஹலோவீனுக்குப் போட்டு விடுகினம். அது எங்கட உடுப்பு, வேசம் இல்லை எண்டுறது என்ர எண்ணம். அதை விட்டாலும் நிலத்தில முட்டுற பாவாடையோட ரெண்டு வயசுப் பிள்ளை படி ஏறாது.

கார்சீட் கறார்

ஒன்றே ஒன்று. உடுப்பைப் போட்டுக்கொண்டு கார் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். பஞ்சு வைத்த பூசணி, சதை வைத்த சூப்பர்மேன் எல்லாம் வாருக்கு அடியில் பொம்மென்று இருக்கும். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிட, வார் அத்தனையும் தொளதொளவென்று ஆகிவிடும். தோள்பட்டை எலும்பு பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்கு வந்தால் இறுக்கம் போதவில்லை. மார்பு கிளிப் அக்குள் மட்டத்தில். டேகேர் ஊர்வலத்துக்கு உடுப்பைப் பையில் எடுத்துப் போய் அங்கே மாட்டுங்கள்.

மைக்கு மறுப்பு

சிங்கம் என்றதும் கண்மையை எடுத்து மீசை வரையலாம் என்று யாருக்காவது தோன்றும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வரும் கண்மை, காஜல், சுர்மா வகைகளில் ஈயம் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இவற்றை அழகுசாதன நிறமியாக அனுமதிப்பதே இல்லை. இந்த வயதுப் பிள்ளை முகத்தில் எதைத் தடவினாலும் பத்து நிமிஷத்தில் கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்குப் போகும். ஃபேஸ் பெயிண்ட் பெட்டிகளிலும் பலவற்றில் "3 வயதுக்கு மேல்" என்றுதான் இருக்கும். ஹூட்டில் காதும் பிடரியும் இருந்தால் சிங்கம் என்று எல்லோருக்கும் தெரியும், மீசை தேவையில்லை.

மிட்டாய் தணிக்கை

அமெரிக்க இருதயச் சங்கம் சொல்வது, இரண்டு வயது முடியும் வரை சேர்க்கப்பட்ட சர்க்கரை வேண்டாம் என்று. உங்கள் பையனுக்கு 22 மாசம், அதனால் பதில் சுலபம்: எதுவும் வேண்டாம். அவனுக்கு அது இழப்பும் இல்லை. உறைக்குள் இருப்பது தின்பண்டம் என்றே தெரியாது. சலசலக்கிற தாளை வாளியில் போடுவதும் கொட்டுவதும்தான் விளையாட்டு. வீட்டுக்கு வந்ததும் வாளியை அப்படியே மேலே வைத்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு வாளியில் அவன் சாப்பிடுகிற பொரி மாதிரிக் குழந்தைப் பஃப்ஸ், உலர்ந்த சீரியல் சின்னப் பாக்கெட் நான்கைந்து போட்டு நீட்டுங்கள்.

இரண்டு தாண்டிய பிள்ளை வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான்கு வயது வரை ஒதுக்க வேண்டியவை: கடின மிட்டாய், சூயிங்கம், முழுக்கொட்டை, பாப்கார்ன், கேரமல், ஜெல்லி பீன்ஸ், மார்ஷ்மெல்லோ, கம்மி. முன்பற்களால் கடிக்க முடியும், ஆனால் பின்பற்களால் அரைக்கும் திறமை இன்னும் வரவில்லை, அதுதான் காரணம். பல் இருக்கிறதே என்று கொடுத்துவிடக் கூடாது. கேரமல், மார்ஷ்மெல்லோ மாதிரி பிசுபிசுப்பானவை தொண்டையில் அச்சு மாதிரி அமர்ந்துகொள்ளும், இருமினாலும் நகராது. லாலிபாப் வேறு வகை ஆபத்து: குச்சி வாயில் இருக்கும்போது ஓடி விழுவது. கொடுக்கலாம் என்றால் கொட்டை இல்லாத சாதா மில்க் சாக்லேட் ஒரு சின்னத் துண்டு, உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கார் சீட்டிலோ ஸ்ட்ரோலரிலோ இல்லாமல்.

ஒவ்வாமையில் பலர் தவறுவது இங்கேதான்: "இந்த சாக்லேட் அவன் ஏற்கெனவே சாப்பிட்டதுதான்" என்பார்கள். பெரிய அளவில் வருவதற்கும் ஹாலோவீன் குட்டி அளவில் வருவதற்கும் சேர்மானமோ தயாரிப்பு வரிசையோ வேறாக இருக்கலாம். குட்டிப் பாக்கெட்டில் பல சமயம் தனியாக லேபிளும் இருக்காது, மொத்தப் பையில்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் வாங்கிய குட்டிக்கு மொத்தப் பை உங்கள் கையில் இல்லை. முந்திரி, பாதாம் இன்னும் கொடுத்ததில்லை என்கிறீர்கள். அதை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க ஹாலோவீன் இரவு சரியான நேரம் இல்லை. மருத்துவரின் கிளினிக் திறந்திருக்கும் ஒரு காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றீர்கள். பெரும்பாலான கம்மி, மார்ஷ்மெல்லோ, அமெரிக்காவில் விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாய் இவற்றில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது). சோளமணி வடிவ மிட்டாயான கேண்டி கார்னிலும் பெரும்பாலும் உண்டு.

வாசலில் மயில்கழுத்து நிறத்தில் பூசணி வைத்திருந்தால் அங்கே மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர், கிரையான், பொம்மை கிடைக்கும். டீல் பம்ப்கின் என்பார்கள். டென்னசியில் 2012ல் தொடங்கி, ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014ல் நாடு முழுக்கப் பரப்பியது. ஆனால் அங்கே கொடுப்பதையும் பாருங்கள். பந்து, குட்டி அழிப்பான், மோதிரம் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கானவை. டாய்லெட் பேப்பர் சுருளின் உள் அட்டைக் குழாய் வழியாக விழுகிற எதையும் மூன்று வயதுக்குள் கையில் கொடுக்காதீர்கள்.

மிட்டாயில் பிளேடு, விஷம் என்று வருஷா வருஷம் வாட்ஸப்பில் சுற்றும். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958லிருந்து வந்த செய்திகளைத் திரட்டிப் பார்த்தவர். முகம் தெரியாத ஒருவர் வாசலில் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை செத்தது என்று உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. உறை கிழிந்ததையும் தெரியாதவர் வீட்டில் செய்ததையும் தூக்கிப் போட்டால் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பூசணிக்குள் வைக்கும் எல்இடி மெழுகுவர்த்தி. அதில் பலவற்றில் சிஆர்2032 பட்டன் பேட்டரி. மின்னும் மோதிரம், மந்திரக்கோல், விளக்கு வைத்த சப்பாத்து பலவற்றிலும் பட்டன் பேட்டரிதான். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும், பிள்ளைக்கு முதலில் எச்சில் வடிவதைத் தவிர ஒன்றும் தெரியாமலும் போகலாம். மூடி ஸ்க்ரூ போட்டு மூடுவதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விரலால் தள்ளித் திறக்கிறதை வீட்டுக்குள் விடாதீர்கள். ஏஏஏ பேட்டரி போடுவது இன்னும் நல்லது. விழுங்கினான் என்று சந்தேகம் வந்தாலே உடனே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 12 மாசம் தாண்டிய பிள்ளைக்கு, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை. தேன் தேடுவதற்காக ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

இருட்டில் ஒளிரும் திரவம் அடைத்த க்ளோ ஸ்டிக்கைக் கடித்து உடைத்தால் அவ்வளவு பயம் வேண்டாம். கசப்பும் எரிச்சலும்தான், ஈரத்துணியால் வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு பாய்சன் கன்ட்ரோல் என்ற அமெரிக்க விஷ உதவி மையத்துக்கு 1-800-222-1222 போன் செய்யுங்கள். ஆனால் கண்ணில் பட்டால் நன்றாக எரியும், பல நிமிஷம் கழுவ வேண்டும். அதனால் ஒளிநாடாவே மேல்.

எடிசன்வாசி

இதைத்தான் எதிர்பார்த்தேன், எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்வி. பூசணியில் கத்தி வைக்காமல் இவனை என்ன செய்ய வைக்கலாம்? அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. மாமியார் திருச்செந்தூர் பக்கம். பக்கத்து வீட்டு முற்றத்தில் கல்லறைப் பலகையும் மண்டையோடும் பார்த்துவிட்டு, "பிள்ளையை இந்தப் பேய்க்கூத்துக்கா கூட்டிட்டுப் போற" என்கிறார்.

ஃப்ரிஸ்கோ பூசணி

நாலு அங்குல மினி பூசணி ஒன்று, ஒரு கேலன் ஜிப் பை ஒன்று. பூசணித் தோலில் மெழுகுப் பசை இருக்கும். ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். காம்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பையைக் குத்திக் கிழித்து வண்ணம் கம்பளத்தில் போகும். பையில் பூசணியை வைத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆளுக்கு ஒரு டீஸ்பூன் விடுங்கள். பச்சையும் சிவப்பும் சேர்த்தால் இரண்டு நிமிஷத்தில் சாணி நிறம். காற்றை வெளியேற்றி மூடி, மூடிய இடத்தில் பெரிய டேப் ஒட்டிவிட்டுப் பையனிடம் கொடுங்கள். தட்டட்டும், உருட்டட்டும். ஐந்து நிமிஷத்தில் சலித்துவிடும், அதற்குள் பூசணி முழுக்க வண்ணம் ஏறியிருக்கும். எடுத்து ஒரு பாட்டில் மூடி மேல் நிறுத்தி நாலு மணி நேரம் காயவிட வேண்டும். கழுவினால் போகும் ரகப் பெயிண்ட் காய்ந்ததும் தோலிலிருந்து செதில் செதிலாக உதிரும், மழையில் கரையும். வாசலில் வைக்க வேண்டும் என்றால் அக்ரிலிக். பை மூடியிருப்பதால் வாய்க்குப் போகாது.

செதுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கத்தி வேலை முழுக்க உங்களுடையது, பையன் தூங்கும்போது. மேலே வட்டமாக வெட்டாமல் அடியில் வெட்டுங்கள். மேல் மூடி இரண்டு நாளில் சுருங்கி உள்ளே விழும். அடியில் வெட்டினால் விளக்கை வைத்து மேலே கவிழ்த்துவிடலாம். முகம் வரும் பக்கத்தில் உள்சதையை ஒரு அங்குல கனம் வரைக்கும் சுரண்டினால் கத்தி சுலபமாக இறங்கும். உள்ளே கையை விட்டு நாரை எடுப்பதுதான் பிள்ளையின் வேலை. பாதிப் பிள்ளைகள் அந்தக் கொழகொழப்பைத் தொட்டதும் கையை உதறுவார்கள். வற்புறுத்தாமல் பெரிய கரண்டியைக் கொடுங்கள். விதையை வறுத்தால் பெரியவர்களுக்கு மட்டும், இவன் வயதுக்குக் கொட்டை மாதிரியேதான்.

செதுக்கியது உங்கள் குளிரில் ஐந்தாறு நாள் தாங்கும். எங்கள் டெக்சாஸ் வெயிலில் மூன்றாம் நாள் ஈ மொய்க்கும். 29ஆம் தேதிக்கு முன்னால் கத்தி வைக்க வேண்டாம். வைத்த மறுநாளே அணில் வந்து கண்ணைக் கடித்துப் பெரிதாக்கிவிட்டுப் போகும், அதற்கு மருந்து இல்லை.

பெரிய செதுக்கும் பூசணியில் கூட்டு வைக்க ஆசைப்படாதீர்கள். நாரும் தண்ணீரும்தான், ருசி கிடையாது. சமைக்க என்றே விற்கும் குட்டி "pie pumpkin" பரவாயில்லை. நம் பரங்கிக்காய்க்குக் கிட்டத்தில் வருவது கபோச்சா என்ற ஜப்பானியப் பூசணி.

வேடம் அறிந்தவர்

திருச்செந்தூர் பக்கம் என்றால் உங்கள் மாமியாருக்கு ஹாலோவீனை யாரும் விளக்கவே வேண்டாம். பத்து மைல்கூட இல்லை குலசேகரன்பட்டினம். தசராவுக்கு மாலை போட்டு, காளி, குரங்கு, குறவன், போலீஸ், எமன் என்று வேடம் கட்டி, மேளத்தோடு தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை வாங்கி முத்தாரம்மன் உண்டியலில் சேர்ப்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பார். அது நேர்த்திக்கடன், விரதம், இது விளையாட்டு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். ஆனால் வேடம் போட்டு வீடு வீடாகப் போவது பேய்க்கூத்து இல்லை என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கொலுவுக்குப் பிள்ளைக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டு வீடு வீடாக அழைத்துப் போய்ச் சுண்டல் வாங்கி வருவதும் இருக்கவே இருக்கிறது. ஹாலோவீன் என்ற பேரும் பேயிலிருந்து வந்ததில்லை. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதற்கு முந்தைய மாலை என்றுதான் அர்த்தம். மறுநாள் 2ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் கல்லறைத் திருநாள், மெழுகுவர்த்தியும் பூவுமாக இருக்கும்; அதையும் பார்த்திருப்பார்.

மண்டையோடு வேண்டாம் என்றால் உங்கள் வாசலில் வேண்டாம், அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. பூசணி, சோளத்தட்டை, வைக்கோல் கட்டு போதும். தீபாவளி இந்த வருஷம் நவம்பர் 8. சீரியல் லைட்டை இப்போதே கட்டிவிட்டால் இரண்டுக்கும் ஆகும். 2024ல் இரண்டும் ஒரே நாளில் வந்தது, அன்றைக்குக் கோலமும் பூசணியும் ஒரே வாசலில் இருந்த வீடுகள் எத்தனையோ.

நீங்கள் 5:50க்குத் திரும்பியதும் கொடுக்கிற வேலையை மாமியாரிடம் விடுங்கள். கதவைத் திறந்து திறந்து மூடாமல், வாசலில் நாற்காலி போட்டு, மடியில் பேரன், பக்கத்தில் கிண்ணம், சால்வை. இந்த வயதுப் பிள்ளைக்கு வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் குஷி. எடுக்க எடுக்கக் குறையாத கிண்ணம் அவனுக்கு அதிசயம். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று அவர் கையால் கொடுக்கட்டும். கிண்ணத்தை நீட்டினால் பெரிய பையன்கள் அள்ளுவார்கள். எத்தனை வாங்குவது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், தெருவுக்குத் தெரு இருபதும் வரும், இருநூறும் வரும். கிண்ணத்தில் இருப்பதும் பேரன் வாய்க்கு எட்டும் தூரம்தான், அதனால் கடின மிட்டாய் வேண்டாம். உறையிட்ட ப்ரெட்செல் பாக்கெட் நல்ல தேர்வு. ஏழு மணிக்குக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, பெல் பட்டன் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள்: "குழந்தை தூங்குகிறது, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில்.

ஓக்ட்ரீ ரோடு

ஒன்று விட்டுப்போனது. இந்த வருஷம் 31 சனிக்கிழமை, அன்று இரவு 2 மணிக்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அரிசோனா, ஹவாய் மாதிரி சில இடங்களுக்கு மட்டும் இது இல்லை. வழக்கமாக 6:30க்கு எழுகிற பிள்ளை ஞாயிறு 5:30க்கு எழுந்து நிற்கும். புதன்கிழமையிலிருந்து இரவுப் படுக்கையைத் தினம் 15 நிமிஷம் தள்ளிக்கொண்டே வாருங்கள். 7:45 என்பது சனி இரவுக்குள் 8:45க்கு வந்துவிடும், அது ஞாயிறு கணக்கில் மறுபடி 7:45. அப்படிச் செய்தால் ஹாலோவீன் அன்று ஏழரைக்கு வீட்டுக்குள் வந்தாலும் குளிப்பாட்டிப் படுக்க வைக்க ஒரு மணி நேரம் கையில் இருக்கும். பெல்லில் தாள் ஒட்டுவதை மட்டும் மறக்காதீர்கள், பெரிய பிள்ளைகள் ஒன்பது வரைக்கும் வருவார்கள்.